பழுப்பு முயலும் பிஸ்கட் கழுதையும்

மார்ச் 3
நான் எழுதிய புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நரியிடம் மாட்டிய முயலுக்காக ஒரு சின்ன அணில் துணிந்து பேசும் கதை. "எளியவர் பக்கம் நில்லுங்கள் குழந்தைகளே!" என்று பின்னட்டையில் நானே எழுதியிருக்கிறேன். படத்தில் முயல் வெள்ளை, எழுத்தில் பழுப்பு.

மார்ச் 4
பதிப்பக முதலாளி கூட்டத்தில் எல்லார் முன்னாலும் புரூஃப் பார்க்கும் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்தார். "கண்ண எங்க வெச்சுட்டுப் பாத்தீங்க? பதினஞ்சாம் தேதியோட நின்னுக்குங்க."

அக்கா பார்த்த புரூஃபில் முயல் வெள்ளைதான். அதற்குப் பிறகு அச்சகத்துக்கு போன் போட்டுப் பழுப்பாக்கியவன் நான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன் — வாய் நிறைய பிஸ்கட். மென்று முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது. இரண்டாவது பிஸ்கட்டை ஏன் எடுத்தேன்?

மார்ச் 6
நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 7
முதலாளிக்குப் பல்வலி. பல்வலிக்காரரிடம் போய் எப்படி?

மார்ச் 10
ஓவியர் அடுத்த புத்தகத்துக்குப் படம் கொண்டுவந்தார். அக்கா திட்டு வாங்கிய கூட்டத்தில் அவரும் இருந்தார். ஓநாய் ஆட்டுக்குட்டியை மிரட்டுகிறது, மற்ற மிருகங்கள் வேடிக்கை பார்க்கின்றன. அதில் ஒரு கழுதை. வாயில் பிஸ்கட், மூக்கில் என் கண்ணாடி!

"என்னய்யா இது?"

"வேணும்னா கண்ணாடிய எடுத்துடறேன். பிஸ்கட் இருக்கட்டும்."

மார்ச் 14
அக்கா மேசையைக் காலி செய்கிறார். தன் பெரிய அகராதியை என் மேசையில் வைத்து, "உங்களுக்கு உதவும், வெச்சுக்குங்க" என்றார். தாங்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு ஆளா? யாருக்குடா கதை சொல்ற நீ?

மார்ச் 15
சொல்லிவிட்டேன்! "சார், பழுப்பாக்கினது நான்தான். அக்கா மேல தப்பே இல்ல." முதலாளி ஏற இறங்கப் பார்த்தார். அக்காவுக்கு வேலை உண்டு. எனக்கும் உண்டு — இரண்டாயிரம் பிரதியிலும் "பழுப்பு" மேல் "வெள்ளை" என்று சீட்டு ஒட்டும் வேலை.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் தலை நிமிரவில்லை.

"தெரியும் தம்பி. அச்சகத்துல அன்னிக்கே சொல்லிட்டாங்க."

"அப்ப நீங்க ஏன்க்கா சொல்லல?"

"நான் வேற இடம் பாத்துக்குவேன். உங்கள அனுப்பிட்டா நீங்க எங்க போவீங்க? பாவமா இருந்துச்சு."

மார்ச் 18
இன்று நானூறு சீட்டு. அக்கா பசை தடவித் தருகிறார். கோணலாக ஒட்டினால் திட்டு விழுகிறது. பேசாமல் வாங்கிக்கொள்கிறேன்.