மாமா இன்னும் தொடாத தட்டு

அன்பு மகள் ஷாமினிக்கு,

கிள்ளானில் மாமா வீட்டிலிருந்து அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்ல சுகம், ஆக்லாந்து குளிரில் நீயும் சுகமாக இருக்க முருகன் துணை. போனில் சொன்னால் "மீட்டிங்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதி வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புகிறேன், முழுசாகப் படி.

உன் கார்த்திகேசு மாமாவைப் பார்த்துவிட்டோம்டி! கோவிட் சமயம் ரோட்டையெல்லாம் அடைத்திருந்தபோது மாமாவைத் தனியாக விட்டு அத்தை தவறினார், நம்மில் ஒருவரும் போய் முகம் பார்க்க முடியவில்லை. அதிலிருந்து மாமா போனும் எடுப்பதில்லை, தீபாவளிக்கும் வருவதில்லை. அந்தக் கோபம்தான் என்று எனக்கு ஒரே பயம். உன் கல்யாணத்தில் அவர்தானே உன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும்? அதனால் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் வைத்த தட்டோடு சுங்கைப்பட்டாணியில் ரயில் ஏறினோம். வருகிறோம் என்று அப்பா வாட்ஸ்அப்பில் செய்தி போட்டிருந்தார், கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் மாமாவே வந்து நின்றார், மெலிந்துவிட்டார், ஆனால் அதே சிரிப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடிந்ததும் தட்டை எடுத்தேன். "இரு தங்கச்சி, முதல்ல ஊரைப் பாருங்கலா" என்று காரில் ஏற்றிவிட்டார்.

அப்பப்பா, என்ன ஊர்! பழைய ரயில் நிலையத்தின் கோபுரங்களைப் பார்த்து அரண்மனை என்றே நினைத்துவிட்டேன். டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்தில் மணிக்கூண்டைக் கண்டதும் அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை, மூட்டு வலி எங்கே போனதோ! படம் அனுப்புகிறேன், எல்லாவற்றிலும் அப்பா கையில் மஞ்சள் பை இருக்கும், அதற்குள்தான் தட்டு. இறங்கிய இடமெல்லாம் நான் வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்து நீட்டப் போவேன், மாமா "அங்க பாரு" என்று வேறு பக்கம் கை காட்டுவார். கிள்ளானுக்கு வந்தும் பழைய தீயணைப்பு நிலையம், சுல்தான் காட்சிக்கூடம் என்று ஒரே ஓட்டம். கடைசியில் கோத்தா பாலத்தின் கீழ்த்தளத்தில் ஆற்றுக் காற்றில் நடக்கும்போது என்னால் முடியவில்லை, "இன்னும் எங்க மேல கோபமாண்ணே?" என்று கேட்டு அழுதேவிட்டேன். மாமா திகைத்துப் போனார். "கோபமா? பைத்தியம்! தட்டை ஜோடியா நின்னு வாங்கணும், நான் ஒத்த ஆளு. மணவறையில என்னை நிக்க வச்சா நாலு பேரு முகம் சுளிப்பாங்க, புள்ளைக்கு நல்ல நாள்ல அது வேணாம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "முகம் சுளிக்கிறவனுக்கு இலையே போட மாட்டேன்" என்று நான் போட்ட சத்தத்தில் சைக்கிளில் போன மலாய்க்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா சிரித்துவிட்டு, "உனக்குச் சரி, கட்டிக்கப் போறது அவதானே, அவ சொல்லட்டும்" என்றார்.

தட்டு இப்போது அவர் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, அவர் கை இன்னும் படவில்லை. காலையில் பாசாருக்கு மீன் வாங்கக் கிளம்பியவர் வாசலில் நின்று அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்காகக் கூப்பிடாதே. சின்ன வயதில் அவர் தோளை விட்டு இறங்காதவள் நீ, உனக்கு அவர் வேண்டுமென்றால் உன் வாயால் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதம். மாமா நம்பர் மாறவில்லை. வெற்றிலை வாடுவதற்குள் கூப்பிடு கண்ணு.

ஆசையுடன்,
உன் அம்மா
பஞ்சவர்ணம்