நாற்காலியின் வலது கைப்பிடி

மார்ச் 4

இன்றும் அதே எரிச்சல். தோள் மூட்டு மாற்றிக்கொண்ட இரண்டு பேர் பரிசோதனைக்கு வந்தார்கள்; ஆய்வுக்காகத் தோளின் பலத்தை அளப்பது என் வேலை. உள்ளங்கையை வயிற்றில் வைத்து அழுத்தச் சொன்னேன். தோளின் முன்பக்கத் தசைநாண் பலமாக இருந்தால் மணிக்கட்டு மடங்காது. இருவருக்கும் மடங்கவில்லை. அளந்து முடித்த பிறகுதான் யாருக்கு எது என்று சொன்னார்கள். ஒருவருக்குத் தசைநாணை அறுத்து, மூட்டைப் பொருத்தியபின் தைத்திருக்கிறார்கள். இன்னொருவருக்கு நாண் ஒட்டியிருக்கும் எலும்பில் ஒரு சில்லைச் சீவி, நாணோடு ஒதுக்கிவைத்து, கடைசியில் திரும்ப இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.

எலும்பு எலும்போடு ஒட்டும். அறுத்த நாண் தையலை நம்பித் தொங்க வேண்டும். இதற்கு எங்கள் மருத்துவமனையில் ஓர் ஒப்பாய்வு வேறு. அதிலும் வித்தியாசம் தெரியவில்லையாம்! தலைமை மருத்துவரிடம் கொதித்தேன். “பார்க்கலாம்” என்றார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான்.

மார்ச் 6

அப்பா வலது தோள் மூட்டை மாற்றிக்கொள்ள ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். கூடவே எங்கள் ஆய்விலும் சேர்ந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 9

கேட்டால், “நீ இருக்கற ஆராய்ச்சிதானேடா, நம்பிப் போட்டேன்” என்கிறார்.

ஆய்வில் சேர்ந்தால் எந்த முறை என்பதை, குலுக்கி எடுக்கும் மூடிய உறைதான் தீர்மானிக்கும். அப்பாவை விலக்கிவிட்டு எலும்புச் சில்லு முறையில் செய்யுங்கள் என்று பார்க்கலாமிடம் போய் நின்றேன்.

“கை யாருது?”

“அப்பாவுது, சார்.”

“அப்ப அவர் வந்து சொல்லட்டும்.”

அப்பா வந்து சொல்ல மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸைத் தானே எடுக்க வேண்டும். இரண்டு வருடமாக அம்மாதான் எடுத்துக் கொடுக்கிறாள். “எடுக்கறதுக்கு அதுல என்ன இருக்குன்னு இந்த ஆபரேஷன்?” என்று அம்மா. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 16

அறுவை முடிந்தது. என்னை உள்ளே விடவில்லை. உறையில் வந்தது — அறுத்துத் தைப்பது.

அறுத்துத் தைப்பது!

மார்ச் 18

வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தாளில் படம் போட்டு விளக்கினேன். எந்த இடத்தில் அறுத்திருக்கிறார்கள், எத்தனை தையல், எலும்பைச் சீவியிருந்தால் எப்படி இருந்திருக்கும், எல்லாம். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். அம்மா கொட்டாவியை அடக்கிக்கொண்டு, “அதெல்லாம் சரி, வீட்டுல என்ன பண்ணக் கூடாது?” என்று கேட்டாள். கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் கைத்தொட்டிலைக் கழற்றக் கூடாது என்றேன். அவ்வளவுதானே, வேறென்ன சொல்ல?

மார்ச் 25

நான்கு கட்டுரைகள் படித்தேன். இரண்டு என் பக்கம். இரண்டு எதிர்ப்பக்கம். விளங்கின மாதிரிதான்.

ஏப்ரல் 2

காலையில் அப்பா நாற்காலியிலிருந்து எழும்போது தோளுக்குள் ‘டொக்’ என்றதாம். மாலை வரை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறார், மனுஷன்.

தையல்தான். நான்தான் அப்பவே சொன்னேனே. ஒருத்தராவது காதுல வாங்கினாங்களா?

ஏப்ரல் 3

ஸ்கேனில் நாணின் மேல்பகுதி பிய்ந்திருந்தது. பார்க்கலாம் படத்தைப் பார்க்கும்போதே ஆரம்பித்துவிட்டேன் — இந்த முறையே தப்பு, அன்றைக்கே வந்து சொன்னேன், எலும்பைச் சீவியிருந்தால்... அவர் என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவிடம், “வீட்டுல நாற்காலியிலேருந்து எப்படி எந்திரிப்பீங்க? செஞ்சு காட்டுங்க” என்றார்.

அப்பா உட்கார்ந்தார். தொட்டிலிலிருந்து வலது கையை மட்டும் மெல்ல வெளியே எடுத்து, கைப்பிடியில் ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் அதில் ஏற்றி எழுந்தார். முகத்தில் தேர்வில் தேறிய களை.

“தொட்டில் கழுத்துலயேதான் இருக்கு. கழட்டவே இல்ல. பையன் படம் போட்டே சொன்னான்ல.”

ஊன்றி எழக் கூடாது. எந்த முறையில் செய்தாலும் கூடாது. எலும்புச் சில்லாக இருந்தாலும் பெயர்ந்திருக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். நான் அந்த நேரத்தில் தையல் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பார்க்கலாம் என்னைத் திட்டியிருக்கலாம். கீழ்ப்பகுதி பிடித்துக்கொண்டிருக்கிறது, மறுபடி திறக்க வேண்டாம், தொட்டிலை இன்னும் கொஞ்ச நாள் நீட்டிப்போம் என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4

பக்கத்து வீட்டில் ரம்பம் வாங்கி, அப்பாவின் நாற்காலியில் வலது கைப்பிடியை அறுத்து எடுத்துவிட்டேன்.

“டேய், அது நல்ல தேக்குடா.”

“தெரியும்.”

“மொதல்ல என்னை அறுத்தீங்க. இப்ப இதையுமா?”

அம்மா சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போனாள். அறுத்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 21

ஆய்வில் நாண் பிய்ந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கட்டில் விளிம்பில் ஊன்றியிருக்கிறார். இன்னொருவர் பேருந்துக் கம்பியைப் பிடித்து இழுத்து ஏறியிருக்கிறார். முதலாமவருக்கு அறுத்துத் தைத்தது. இரண்டாமவருக்கு எலும்புச் சில்லு.

ஜூலை 11

புதிதாக ஒரு பெண்மணி ஆய்வில் சேர வந்தார். தம்பி, ரெண்டுல எது நல்லதுன்னு நீயே சொல்லிடேன் என்றார். தெரியலம்மா என்றேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அறுவை நடக்கப்போகும் பக்கத்துக் கையை வயிற்றோடு வைத்து, இன்னொரு கையால் எழுந்து காட்டினேன். அவரையும் செய்யச் சொன்னேன். சரியாக வரும்வரை விடவில்லை. கதவருகே பார்க்கலாம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், தெரியாது.

மாலையில் பால்காரர் காசுக்கு வந்தார். அப்பா இடது கையை ஊன்றி எழுந்தார். வலது கை பின்னால் போனது. பின்பாக்கெட்டின் விளிம்பு வரை போய் நின்றது. அம்மா பார்க்காதது போல் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கை முன்னால் வந்தது. பர்ஸ் சட்டைப் பையில் இருந்தது; தானே எடுத்தார்.