புது மெஷின் வேண்டாம், ரேவின்

ஓமரூ,
மார்ச் 9

அன்பு மகள் ரேவினுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே டொரன்டோ குளிரில் நீயும் பிள்ளைகளும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தத் தடவை அதை முழு மனதோடு எழுத முடியவில்லை, கொஞ்சம் உட்கார்ந்து படி. பிளம் மரம் இந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது, பதினாறு பாட்டில் ஜாம் போட்டேன், முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. நேற்றுக் கடையிலிருந்து போன் வந்தது. உங்கள் மகள் கனடாவிலிருந்து புல் வெட்டும் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறார், பேட்டரியில் ஓடுவது, பொத்தானை அழுத்தினால் போதும், எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா மேல் உள்ள பாசத்தில்தான் வாங்கினாய், எனக்குத் தெரியும், கோபப்படாதே.

ஒவ்வொரு ஞாயிறும் போனில் அப்பா அந்தப் பழைய மெஷினைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுத்தானே இந்த ஏற்பாடு செய்தாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. பெட்ரோல் டேங்குக்குக் கீழே ஒரு சின்னக் குழாய் உண்டு, வெட்டி முடித்ததும் அதை மூடுவார், அடுத்த தடவை திறக்க வேண்டும், முப்பது வருஷமாகச் செய்த வேலை. இப்போது மூடிவிடுகிறார், திறக்கத்தான் ஞாபகம் வருவதில்லை. முகம் சிவக்கச் சிவக்கக் கயிற்றை இழுப்பார். அப்புறம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் நெவில் வருவார், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத்தான் தெரியுமே. அவர் குனிந்து, அப்பா பார்க்காத நேரம் பார்த்துக் குழாயைத் திறந்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டுவார். "ட்ரெவர், உன் கெழட்டு மெஷினுக்குத் தொண்டையில சளி கட்டிக்கிச்சுப்பா, வேற ஒண்ணுமில்ல, இப்ப இழு" என்பார். ஒரே இழுப்பில் ஓடும். "இத எப்பவோ குப்பையில போட்டிருக்கணும்" என்று அப்பா சந்தோஷமாகத் திட்டிக்கொண்டே வெட்டப் போவார். கத்தி சுற்றும் மெஷினாயிற்றே என்று எனக்குப் பயம்தான், ஆனால் முடியும்வரை நெவில் வேலியில் சாய்ந்து ரக்பி பேசிக்கொண்டே கண் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறார். இதற்கெல்லாம் காசு வாங்க மாட்டேன் என்கிறார், சீஸ் ரோல் சுட்டுக் கொடுத்தால் மட்டும் தட்டைக் காலி செய்கிறார்.

டிசம்பரில் டாக்டரிடம் போனோம். மறதி நோய், ஆரம்பம்தான் என்றார். ரேவினிடம் சொல்லாதே என்று அப்பா காரிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அதனால் மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இன்று அந்த வாக்கை மீறுகிறேன். குழாயை ஒளித்துத் திறந்துவிட்டு அப்பாவை ஏமாற்றுகிறீர்களே அம்மா என்று நீ கேட்பாய், நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் போன மாதம் நடந்ததைக் கேள். நெவில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார், எதிர்வீட்டு கிரேக் தன் புது மெஷினை இரவல் கொடுத்தான், நீ வாங்கியது மாதிரியேதான். அதற்கு ஒரு சாவி போட்டால்தான் பொத்தான் வேலை செய்யும். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான், அப்பா சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். கிரேக் திரும்பி வந்து, "புது மெஷின், கெட்டுப்போக வாய்ப்பே இல்லையே அங்கிள், சாவி எங்க?" என்று சிரித்திருக்கிறான், நல்ல பையன்தான், தெரியாமல் கேட்டுவிட்டான். அப்பா சேற்றுப் பூட்ஸோடு கார்ப்பெட்டில் நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "மெஷின் மேல தப்பில்ல மேவிஸ், எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் நிக்கல" என்றார். அன்று டீகூடக் குடிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாம் தடவை, முதல் தடவை நீ விமானம் ஏறிய அன்று.

அதனால்தான் சொல்கிறேன். பழைய மெஷின் எத்தனை தடவை மக்கர் செய்தாலும் பழி அதன் மேல் போய்விடும். புதுசு வந்தால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழும், அதைத் தாங்க அவருக்குத் தெம்பு இல்லை, எனக்கும் இல்லை. திரும்பி வரும் பணத்தில் டிக்கெட் போடு. வேலையை, பிள்ளைகள் படிப்பைச் சாக்குச் சொல்லாதே, நிறைய லீவு கிடைக்காவிட்டால் ஒரு வாரமாவது வா. அப்பா திட்டினால் திட்டட்டும், வாக்கு மீறியது நான், வாங்கிக்கொள்கிறேன்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் நல்லபடி வைத்திருக்கட்டும், இங்கே தினமும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் சாப்பிட உட்காருகிறோம். ஒன்று மட்டும் மறக்காதே. வாசலில் வந்து நின்றுகொண்டு, நான் யாரு சொல்லுங்க பார்ப்போம் என்று சின்ன வயதில் விளையாடுவாயே, அந்த விளையாட்டு வேண்டாம். கதவு திறந்ததும், "அப்பா, ரேவின் வந்திருக்கேன்" என்று நீயே முதலில் சொல்லிவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா மேவிஸ்