வசனம் மறந்தார் என்ற குறிப்பை நீக்கக் கோரி

அனுப்புநர்:
முன்னாள் பிராம்ப்டர்,
(கலைக்கப்பட்ட நாடகக் கம்பெனி)
மாடி அறை, எண் 17, அச்சகச் சந்து.

பெறுநர்:
சேர்க்கை அலுவலர் அவர்கள்,
மூத்த கலைஞர்கள் இல்லம்.

பொருள்: நகைச்சுவை நடிகை ஒருவருக்கு இல்லத்தில் இடம் மறுக்கப்பட்டது – மறுப்புக்கு ஆதாரமான குறிப்பை எழுதியவர் மீது புகார் – எழுதியவர் நானே – தொடர்பாக.

பார்வை: இம்மாதம் 3-ஆம் தேதியிட்ட தங்கள் மறுப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கு வேலை அதிகம் என்பதை அறிவேன். எனவே மனுவின் சுருக்கத்தை முதலில் தருகிறேன்.

1. அந்த அம்மையார் யார், எப்படி மேடைக்கு வந்தார்.
2. அவர் வசனம் மறந்தார் என்ற குறிப்பு பொய்.
3. அது என் அறியாமையால் நேர்ந்த பிழை. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை.
4. நான் வேண்டுவது.

1. அம்மையார் இருபத்திரண்டு வயதில் எங்கள் கம்பெனியின் தையல் அறையில் பொத்தான் தைக்கச் சேர்ந்தார். ஒருநாள் வேலைக்காரி வேடக்காரருக்குக் காய்ச்சல். சாவு வீட்டுக் காட்சியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். யார் போனால் என்ன என்று இவரை அனுப்பினார்கள். முகப்பவுடர் மூக்கில் ஏறிப் பிணத்தின் தலைமாட்டில் நின்று தும்மிவிட்டார். அரங்கமே உருண்டு புரண்டு சிரித்தது. வேலை போயிற்று என்று அழுதுகொண்டே உள்ளே வந்தவரிடம் முதலாளி, "நாளைக்கும் அதே இடத்துல தும்மணும்மா. தும்மல் வரலேன்னா வீட்டுக்குப் போகலாம்" என்றாராம்.

மறுநாள் தும்மல் வரவில்லை. வரவழைக்க அவர் முகத்தைக் கோணி, மூக்கைச் சுருக்கி, கூரையைப் பார்த்து அரை நிமிடம் பட்ட பாட்டுக்கு முதல் நாளைவிட இருமடங்கு சிரிப்பு. கடைசிவரை தும்மவே இல்லை. அன்றுமுதல் அவர் 'தும்மல் அக்கா'. இதையெல்லாம் அவரே சொல்லக் கேட்டேன்; நான் கம்பெனியில் சேர்ந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து. "சிரிப்பு வசனத்துல இல்லண்ணே. வசனத்துக்கு முன்னாடி ஒரு காத்திருப்பு இருக்கே, அதுல இருக்கு" என்பார். நான் தலையாட்டுவேன். புரிந்ததா என்று கேட்டால், புரியவில்லை.

மொத்தம் இருபத்து நான்கு ஆண்டுகள் மாமியார், நர்ஸ், காது கேளாத சாட்சி, வீட்டுக்காரம்மா என்று நடித்தார். அவருடைய தாயார் ஒருமுறை நாடகம் பார்க்க வந்து, "ஊரே உன்னப் பாத்துச் சிரிக்குதேடி" என்று ஒப்பனை அறையில் அழுதார். "டிக்கெட் வாங்கிச் சிரிக்கிறாங்கம்மா. சும்மாவா சிரிக்கிறாங்க? மூக்கச் சிந்து, அடுத்த காட்சிக்கு நேரமாச்சு" என்று மகள் தாயைத் தேற்றினார். இந்த விவரம் மனுவுக்குத் தேவையா என்று தெரியவில்லை. அவரைப் பற்றித் தங்கள் கோப்பில் இருப்பது ஒரே வரி என்பதால் சேர்த்தேன்.

2. என் வேலை, பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மறந்தவர்களுக்கு வசனத்தின் முதல் சொல்லைத் தாழ்ந்த குரலில் எடுத்துக் கொடுப்பது. ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் யார் எங்கே தவறினார் என்று குறிப்பேட்டில் எழுதுவதும் நானே. நடிகர்களுக்கு அதைக் காட்டுவதில்லை. மேனேஜர் படித்துக் கையெழுத்திடுவார். அம்மையாருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது: வசனம் வேண்டுமென்றால் வளையலைத் தொடுவார். நாங்கள் சேர்ந்து வேலை செய்த பத்தொன்பது ஆண்டுகளில் நான்கு முறை தொட்டார்.

சம்பவ நாளன்று அவருக்கு வீட்டுக்காரம்மா வேடம். இரண்டு காட்சிகளாகக் குடித்தனக்காரனை "வெளியே போ" என்று விரட்டிக்கொண்டிருப்பார். அவன் "சரி, போறேன்" என்று சாவியை நீட்டியதும், "சாப்பிட்டுட்டுப் போ" என்பார். அதற்கு எப்போதும் சிறு சிரிப்பு வரும். அன்று அவர் சொல்லவில்லை. சாவியைப் பார்த்தபடியே நின்றார். வளையலைத் தொடவில்லை. அரங்கத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் பதறிப்போய், "சாப்பிட்டுட்டு" என்றேன். மூன்றாம் வரிசைவரை கேட்டுவிட்டது. முன்வரிசையில் ஒருவர், "அம்மா, உள்ளேருந்து சொல்றாங்க, காதுல விழலையா?" என்றார். அரங்கமே சிரித்தது. மேலும் இருமுறை எடுத்துக் கொடுத்தேன். அவர் வசனத்தைச் சொன்னார். அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

குறிப்பேட்டில், "வசனம் மறந்தார். மூன்று முறை எடுத்துக் கொடுக்கப்பட்டது" என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அவருடைய நாடகக் கைப்பிரதி என் கைக்கு வந்தது. அந்த வரிக்கு மேலே பென்சிலில், "இங்கே பத்து எண்ணணும்" என்று இருந்தது. அப்போதே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். படியேறி, கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் வேடம் வேறொருவருக்குப் போயிற்று. தும்மல் அக்கா 'மறதி அக்கா' ஆனார். மற்றக் கம்பெனிகளில், "அவங்களுக்கு ஞாபகமே நிக்காதாமே" என்றார்கள். நாற்பத்தாறு வயதில் மேடையை விட்டு இறங்கியவர் இந்த இருபத்தேழு ஆண்டுகளாகப் பிறர் துணிகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

3. என் பிழை அறியாமையால் விளைந்தது. எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவனுக்கு எந்த மௌனமும் மறதியாகத்தான் தோன்றும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொல்கிறேன்.

சென்ற வாரம் கண் மருத்துவமனை வரிசையில் அவரைப் பார்த்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால், "அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று தங்கள் கடிதத்தை நீட்டினார். வேலைத் திறன் குறைவால் நீக்கப்பட்டவர்களுக்கு இல்லத்தில் இடமில்லை என்ற விதியும், ஆதாரமாகக் கம்பெனிக் குறிப்பேட்டிலிருந்து எடுத்த என் வாக்கியமும் அதில் இருந்தன. ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "மூணு தடவையா! எண்ணி எழுதியிருக்கானே மனுஷன். யாருண்ணே அது?" என்றார். "யாரோ ஆபீஸ்காரங்க" என்றேன்.

4. அவர் இப்போது தம்பி மகன் வீட்டு நடைவழியில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்கிறார். மாதக் கடைசியில் அவர்கள் சிறிய வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே நடைவழியும் கிடையாது. ஆகவே மேற்படி குறிப்பை நீக்கி, சேர்க்கைப் பட்டியல் மூடும் முன் அவர் விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்து இடம் அளிக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். என்மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்கிறேன். இத்தனை ஆண்டுகளாக என்னிடமே இருந்த கைப்பிரதியின் 41-ஆம் பக்கத்தை இணைத்துள்ளேன்.

மனுவை எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். சுருக்கத்தில் மூன்றாவதாகச் சொன்னது தவறு. முதல் முறை குரல் கொடுத்தது அறியாமைதான். அதற்குப் பிறகு, சேலை மடிப்புக்குள் அவர் வலக்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத் திரையிலிருந்து மட்டும்தான் அது தெரியும். ஆறு வரை வந்திருந்தார். அவர் மறக்கவில்லை என்பது, கைப்பிரதியைப் பார்க்கும் முன்பே, அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் அரங்கம் அப்போது சிரித்துக்கொண்டிருந்தது. அந்த ஸ்டூலில் இருந்து எத்தனையோ சிரிப்பைக் கேட்டவன் நான். என் குரலுக்கு வந்த சிரிப்பு அது ஒன்றுதான். இன்னொரு முறை வரட்டும் என்றுதான் இரண்டாம் முறை சொன்னேன். மூன்றாம் முறை உரக்கவே சொன்னேன்.

அந்த மூன்றாவதை அடித்துவிட்டு மனுவைப் படிக்க வேண்டுகிறேன்.

நாள்: 14-ஆம் தேதி, செவ்வாய்
இடம்: மேற்கண்ட முகவரி

தங்கள் விசாரணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
முன்னாள் பிராம்ப்டர்