வெள்ளாட்டுக் குட்டிக்கு டிக்கெட் எங்கே?

அன்பு மகள் டயானாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவுக்குச் சர்க்கரைதான் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, அவரும் அப்படித்தானே. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் தங்கப்பாண்டி பேச்சை எடுத்தாலே, "விடுங்கம்மா, எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவரு" என்று என் வாயை அடைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன், முழுசாகப் படி.

தங்கப்பாண்டி செய்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். கே.கே. நகரில் அவர் தாளாளராக இருக்கிற பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாட்டு வாசிக்கப் போனேன் அல்லவா, நான் எழுதிய பாட்டுக்கதைதான், சோழவந்தானில் வெற்றிலைக் கட்டுகளோடு பஸ் ஏறி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோகிற ஆட்டுக்குட்டி. முதல் வாரமே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் "வெத்தலைக் கட்டுக்கு டிக்கெட் உண்டு, வெள்ளாட்டுக் குட்டிக்கு டிக்கெட் எங்கே?" என்று கண்டக்டர் குரலில் நான் கேட்க, வகுப்பே "மே" என்று கத்தியது. அந்த நேரம் பார்த்துத் தங்கப்பாண்டி உள்ளே வந்தார். "இம்புட்டு பீஸ் கட்டிப் பிள்ளைகள அனுப்புறது ஆடு மாதிரி கத்தவா? இது பரீட்சைக்கு வருமா?" என்றார். அதோடு விட்டாரா, "வயசான காலத்துல வீட்ல இருந்து பேரனுக்குப் பாடுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னார். என் பேரன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னார். அவரே டெஸ்க் டெஸ்க்காகப் போய்ப் புத்தகங்களைப் பிடுங்கினார். எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது என்று வாட்ச்மேன் சோணைமுத்து பிறகு சொன்னார். மன்னிப்பைப் பற்றி அந்த ஞாயிறு போதகர் பிரசங்கம் பண்ணினார், எப்போது முடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மாவட்ட ஒப்புவித்தல் போட்டிக்குப் பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். தன் பள்ளிப் பிள்ளை கடைசிச் சுற்றுக்கு வந்திருந்ததால் தங்கப்பாண்டி சால்வையோடு முன்வரிசையில் இருந்தார். அந்தப் பிள்ளை ரோகிணி, ஆறாம் வகுப்பு, மூன்றாம் டெஸ்க்கில் உட்காருவாள், வாய் திறக்கவே யோசிப்பாள். மேடையேறி அவள் சொன்னது என் ஆட்டுக்குட்டியை டயானா, சொன்னவரைக்கும் ஒரு வரி பிசகவில்லை. தங்கப்பாண்டி பெருமையாகத் தலையை ஆட்டி ஆட்டிக் கைதட்டுகிறார், அட்டையைக்கூடப் பிரிக்காத மனுஷனுக்கு அது என் பாட்டு என்று எப்படித் தெரியும். நான் மைக்கை வாங்கி, "இதை எங்கம்மா படிச்ச?" என்று கேட்டேன், பதில் தெரிந்தேதான் கேட்டேன். "உங்க புத்தகத்துலதான் டீச்சர், சார் புடுங்குறதுக்குள்ள பாதிய மனப்பாடம் பண்ணிட்டேன், மீதிய எடைக்குப் போட்டுட்டாங்க" என்றாள் பிள்ளை. மண்டபமே சிரித்தது. அவர் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசு கொடுத்து இறங்கி நேரே அவரிடம் போய், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டாலும் இன்னொரு மைக் எனக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

புத்தகத்தை எடைக்குப் போட்ட பள்ளிக்கூடமா என்று பெற்றோர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் அட்மிஷன் நேரம். தங்கப்பாண்டி பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். "தெரியாமச் செஞ்சுட்டேன் டீச்சர், மறுபடி வந்து வாசிங்க" என்றார். உன் அப்பா அடுப்படியிலிருந்து விட்டுவிடு விட்டுவிடு என்று கை காட்டினார், நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நான் வாசிக்கமாட்டேன், அதே வகுப்பில் நீங்கள் நின்று வாசியுங்கள், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன், அது முடிந்தால்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம் என்றேன். பழக்கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சரி என்றார்.

வாசித்தார். சுற்றறிக்கை படிக்கிற மாதிரி படித்து "மே" என்ற இடத்தில் ஏதோ மாதத்தின் பேரைப் போலச் சொல்லிவிட்டுத் தாண்டப் பார்த்தார். "சார், ஆடு அப்படிக் கத்தாது" என்றேன். மறுபடி சொன்னார். இன்னும் ஆடு வரவில்லை என்றேன். கழுத்தெல்லாம் வேர்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "மேஏஏ" என்று வராண்டா வரை கேட்கக் கத்தினார். பிள்ளைகள் டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பாவமாக இருந்ததா என்று கேட்பாய், இல்லை, நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், எனக்கே பிடிக்காத ஒன்று, அதன்பிறகு மனுஷன் நன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கண்டக்டருக்கு ஒரு குரல், குட்டிக்கு ஒரு குரல். பெல் அடித்தும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். வாசல்வரை பின்னாலேயே வந்து, "குட்டி ஊரு போய்ச் சேந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் புதுப் புத்தகம் கொடுத்தேன், வெள்ளிக்கிழமைதோறும் பாட்டு வகுப்பும் வாங்கிவிட்டேன், அவருக்கு மட்டும் ஒரு பிரதி கிடையாது. முடிவைச் சாரிடம் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன், இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லையாம்.

பேரனுக்குக் காதை மூடுகிற குல்லாய் போடு, நீ நைட் டியூட்டி முடிந்து சாப்பிடாமல் படுக்காதே. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணி போலக் காக்கட்டும். தங்கப்பாண்டி உன் நம்பரை வாங்கிவிட்டாராம், வாட்ஸ்அப்பில் எவ்வளவு மரியாதையாகக் கேட்டாலும் குட்டி என்ன ஆனது என்று மட்டும் சொல்லிவிடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
விக்டோரியா