நன்றி சொல்லாத சாட்சி

என் பிரியமான நைனா,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தில் உன்னோடு சண்டை போடத்தான் வந்திருக்கிறேன். நீ இருந்தவரை உன் எதிரில் நான் குரலை உயர்த்தியதில்லை. இப்போது கேட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவு ஜெபம். நம் சபை வழக்கம் உனக்குத் தெரியும். செத்தவரின் மூத்த பிள்ளை எழுந்து, இந்தச் சாவின் வழியாக ஆண்டவர் எங்களுக்கு என்ன நன்மை செய்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். எனக்குப் பேச வராது என்று பாஸ்டரே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். உன்னை எடுத்துக்கொண்டதால் நம் குடும்பம் ஜெபத்தில் வளர்ந்ததாம். உன் சாவுக்கு ஒரு தேவ நோக்கம் இருந்ததாம்.

"அப்டியே படிச்சிடு பாப்பா. அழுவுறதா இருந்தா கடைசில அழுவு" என்றார்.

நான்கு நாள் அந்தத் தாளை வைத்திருந்தேன். 

நோக்கமா? நீ எப்படிச் செத்தாய் என்று எனக்குத் தெரியாதா? அன்று கழனிக்குக் கஞ்சி கொண்டுவந்தேன். வரப்பில் கிடந்த பூச்சிமருந்து டப்பாவின் காகிதத்தை எடுத்து மனசுக்குள் படித்தேன். பொடி எழுத்தில் தமிழிலும் இருந்தது. மூக்கையும் வாயையும் மூடாமல் அடிக்கக் கூடாது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். நீ வெற்று உடம்பில் மருந்து டேங்க்கை மாட்டிக்கொண்டு நின்று, தலை சுற்றுகிறது என்றாய். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்த நிலத்துக்காரர், "இன்னும் ரெண்டு டேங்க்தான கீது, முடிச்சிட்டு ஒக்காரு" என்றார். நீ தலையாட்டினாய். பட்டம் வாங்கிய நான் காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் நீ வாந்தி எடுத்தபோது ஆட்டோ கூப்பிடலாம் என்று அம்மாவின் காதில்தான் சொன்னேன். நீ பாஸ்டரைக் கூப்பிடச் சொன்னாய். ஜெபித்த எண்ணெயை உன் நெற்றியில் தடவி இரண்டு மணி நேரம் எல்லோரும் முழங்காலில் நின்றோம். "எல்லாம் அவரு சித்தம்" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எங்களைக் கொஞ்சமாவது நினைத்தாயா நைனா?

ஏனாத்தூர் காலேஜில் படித்தபோது யூதர்களின் போதனைகளைப் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். நம் வேதத்தின் பழைய பாதி அவர்களுடையதுதானே என்ற ஆசை. துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர் பேசும்வரை வாய் திறக்கக் கூடாதாம். கஷ்டப்படுகிறவனிடம், உன் பாவத்தால் வந்தது என்று சொல்வதே பாவமாம். எல்லாம் நன்மைக்கே என்று ஒருவன் தன் வலியைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவன் வலியைப் பார்த்துச் சொல்ல அவன் யார் என்றுதான் நான் புரிந்துகொண்டேன். ஏன் வந்தது என்று குடைவதை விட்டு, வந்துவிட்டது, இனி நான் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கச் சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. நோக்கம் என்று ஒன்று இருந்தால் அங்கேதான் இருக்குமாம்.

நம் ஆட்களோ உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே விளக்கம் சொன்னார்கள். நீ எந்தக் காலத்திலோ சாராயம் குடித்ததற்குத் தண்டனை என்றார் ஒருவர். அவர் வாயில் மண் விழ.

சனிக்கிழமை உத்திரமேரூர் உரக்கடைக்குப் போய் அதே மருந்தின் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் என் பேரைச் சொன்னதும் எழுந்து அதைப் பிரித்துப் படித்தேன். ஒரு வரி விடவில்லை.  அந்த இரண்டு டேங்க்கையும் சொன்னேன், இரண்டு மணி நேரத்தையும் சொன்னேன்.

"எங்க நைனாவ ஆண்டவரு எடுக்கல. இத அன்னிக்கே படிச்சிட்டு நான் வாய மூடிக்கினு வூட்டுக்கு வந்தேன். இதான் என் சாட்சி."

பாஸ்டர் அவசரமாகப் பாட்டு ஆரம்பித்தார். அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்து வீடு வந்தாள். வாசலில் வைத்துக் கேட்டாள்: "மானத்த வாங்கிட்டியேடி. அந்த நெலத்துக்காரன் இனிமே என்ன நடவுக்குக் கூப்புடுவானா?" கூப்பிடவில்லை. என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். அவள் கோபம் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

நேற்று சித்தப்பா வந்தார். உன் தம்பிதான் இப்போது மருந்து அடிக்கிறார். துண்டில் சுற்றிய டப்பாவை என் முன்னால் வைத்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா போட்டுகீது, படி" என்றார். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"பார்த்தாயா, இதற்காகத்தான் ஆண்டவர் உன் அப்பாவை எடுத்தார்" என்று பாஸ்டர் நாளை என்னிடம் சொல்வார். சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுவேன். ஒரு காகிதத்தைப் படித்துக் காட்ட ஓர் ஆள் சாக வேண்டியதில்லை நைனா. நான் அன்றைக்கே உரக்கப் படித்திருக்கலாம்.

ஜெபத்தை நான் விடவில்லை. ஆண்டவரோடும் சண்டைதான் நடக்கிறது. ஆனால் இந்த ஊரில் மருந்து அடிக்கிற ஒவ்வொரு நாளும் வரப்பில் நான் நிற்பேன். நிலத்துக்காரர் முறைத்தாலும் உரக்கப் படிப்பேன். யார் தலை சுற்றுகிறது என்றாலும், அவர் டேங்க்கை இறக்கிவிட்டு டாக்டரிடம் கிளம்பும்வரை அங்கிருந்து நகரமாட்டேன்.

உன்மேலும் தன்மேலும் கோபம் தீராத
உன் மூத்த மகள்