ஆமையாக நின்றவளுக்கு

உன் மகள் அனுப்பிய உறை நேற்று மதியம் வந்து சேர்ந்தது. பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் வந்தது. உன் பீரோவின் வாசமாகத்தான் இருக்க வேண்டும். உள்ளே பாதியாகக் கத்தரித்த ஒரு படம். அதில் நான் மட்டும் தொழிற்சாலை நீலச் சட்டையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் தோளில் நான்கு விரல்கள் கிடக்கின்றன. விரல் கணுவோடு படம் முடிந்துவிடுகிறது. பின்பக்கம் பென்சிலில் என் பெயர், உன் கோழிக் கிறுக்கல் எழுத்தில்.

அந்தப் பாதியை நீ எப்போதோ அடுப்பில் போட்டிருப்பாய் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து லயத்தில் இருந்தவளுக்கு எதற்குக் கடிதம்? நீ கல்யாணமாகிப் பாகான் டத்தோ போன பிறகு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இப்போது படிக்க ஆள் இல்லை என்று ஆனபிறகு, பேனா தன்னால் ஓடுகிறது.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பால் வெட்டுக்குப் போகாமல் ஈப்போ மின்னணுத் தொழிற்சாலைக்குப் போன முதல் பெண்கள் நாம். எண்பதுகளின் கடைசி. வாரம் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து மயிரிழைக் கம்பிகளை ஒட்டிக்கொண்டிருப்போம். சனிக்கிழமை அரை நாள். தொழிற்சாலை பஸ் முதலில் காம்பார் பக்கத்துப் பெண்களை இறக்கிவிட்டு வந்துதான் நம்மை ஏற்றும். இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து நிலக்கடலை உரிப்பார்கள். நாம் டவுனுக்கு நடந்து, பேரங்காடியின் மேல்மாடியில் இருந்த வீடியோ கேம் கடைக்குள் நுழைந்துவிடுவோம்.

தோட்டத்துப் பெண்கள் இருவர் அந்த இருட்டுக் கடைக்குள், சிகரெட் புகைக்குள், பையன்கள் நடுவில். யாராவது பார்த்திருந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும், என் அப்பா அந்தத் தோட்டத்து மண்டோர். இருபது பேரை வேலை வாங்கிப் பழகியவர், வீட்டிலும் அதே குரல்தான். இருந்தும் போனோம். அங்கிருந்த ஓர் ஆட்டப் பெட்டி அப்படி நம்மைப் பிடித்துக்கொண்டது.

நான்கு பேர் நின்று ஆடும் பெரிய பெட்டி அது. இரண்டு பேருக்கு எதிராக இரண்டு பேர். ஆளுக்கு ஒரு மிருகம் எடுத்துக்கொள்ள வேண்டும். நெருப்புக் கக்கும் பல்லி, மின்னல் விடும் கழுகு, பாயும் புலி, கடைசியில் ஓர் ஆமை. ஆமையை ஒருவரும் தொடமாட்டார்கள், அதற்கு அடிக்கவே தெரியாது. ஓட்டை விரித்துக் கூட்டாளியையும் சேர்த்து மூடிக்கொள்ளும். கூட்டாளிக்கு ரத்தம் குறைந்தால் தன் ரத்தத்தைக் கொஞ்சம் கொடுக்கும். அவ்வளவுதான். நான் முதல் நாளே புலியை எடுத்துக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஆமைமேல் கை வைத்தாய். இது தண்டம், வேறு எடு என்றேன்.

"எல்லாரும் அடிச்சிக்கிட்டே இருந்தா வாங்கிக்கிறது யாருலா?" என்றாய்.

தொடக்கத்தில் தோற்றுக்கொண்டே இருந்தோம். தப்பு என்னுடையது. நீ ஓட்டை விரித்தால் நான் உள்ளே நிற்காமல் வெளியே பாய்ந்து அடி வாங்கிச் சாவேன். நீதான் அந்த ஆமையின் வித்தையைக் கற்றுக்கொண்டாய். பூதக்கண்ணாடி வேலையில் உனக்கிருந்த பொறுமை அங்கேயும் வந்தது. ஆட்டம் தொடங்கியதும் ஓட்டை விரிக்கக் கூடாது என்று கண்டுபிடித்தாய். எதிராளி தன் பெரிய நெருப்பைச் சேர்த்து வைத்திருக்கும் நேரம் பார்த்து விரிக்க வேண்டும். ஓட்டைப் பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல் வரும், இருப்பதையெல்லாம் அதன்மேல் கொட்டித் தீர்ப்பார்கள். ஓடு தாங்குவது பத்து எண்ணும் நேரம். அதற்குப் பிறகு ஆமை மல்லாந்த மாதிரி ஆகிவிடும், ஓர் அடிக்குச் செத்துப்போகும். ஆகவே பத்து முடிந்த நொடியில் புலி முன்னால் வந்து நிற்க வேண்டும். எதிராளியிடம் அப்போது ஒன்றும் மிச்சம் இருக்காது, புலி வைத்ததுதான் சட்டம்.

அந்த இரைச்சலில் சொல்வது கேட்காது என்பதால், ஓட்டை விரிக்கும்போது நீ உன் காலைத் தூக்கி என் கால்மேல் வைப்பாய். அசையாதே என்று அர்த்தம். நான் வாய்க்குள் எண்ணுவேன். பத்து வந்ததும் உன் காலுக்கடியிலிருந்து என் காலை உருவிக்கொண்டு பாய்வேன். எத்தனை சனிக்கிழமைகள் அப்படி ஆடியிருப்போம்? ஒரு தடவைகூட நான் பதினொன்று எண்ணியதில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

கடை முதலாளியான சீனத் தவுக்கே ஒரு சனிக்கிழமை போட்டி வைத்தார். வென்ற ஜோடியைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுவதுதான் பரிசு. கடைசி ஆட்டத்தில் எதிரே இரண்டு சீனப் பையன்கள், அந்தக் கடையின் ராஜாக்கள். பல்லியும் கழுகும். ஆமையைப் பார்த்து ஒருவன் சிரித்தான். நீ அவனைக் கவனிக்கவே இல்லை. திரையில் உன் ரத்தக் கோடு நூலாகத் தேய்ந்த பிறகுதான் கால் என் காலுக்கு வந்தது. அவர்கள் கொட்டினார்கள், தீர்ந்தார்கள், நான் எண்ணி முடித்துப் பாய்ந்தேன். நாம் ஜெயித்த அன்றைக்குக் கடையில் அத்தனை பேரும் கை தட்டினார்கள். தவுக்கே படம் எடுத்தபோது நீ என் தோளில் கை போட்டாய். அவ்வளவு சந்தோஷம். நம் இருவரையும் அதற்கு முன் யாரும் எதற்கும் கை தட்டிப் பாராட்டியதில்லை.

படம் சுவருக்கு வந்த வாரமே பஸ் ஓட்டுநர் அதைப் பார்த்துவிட்டார். நம் தோட்டத்து ஆள்தான். உன்னை நன்றாக அடையாளம் தெரிந்ததாகவும், பக்கத்தில் நின்றது என்னை மாதிரி இருந்ததாகவும் அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் சனிக்கிழமை. பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். நீ ஜன்னல் வழியாகப் பால் மரங்களைப் பார்த்தபடி சொன்னாய்.

"ரெண்டு பேரயும் வேலயிலருந்து நிறுத்திருவாங்க. ஒருத்தியாச்சும் தப்பிக்கணும். உங்கப்பா ஒன்ன கொன்னே போட்ருவாரு. எங்கம்மா அழுவா, அவ்ளோதான்."

வேலை முடிந்ததும் கடைக்குப் போய்த் தவுக்கேயிடம் கத்தரிக்கோல் வாங்கி, படத்தை இரண்டாக வெட்டினாய். என் பாதியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாய். உன் பாதியைத் திரும்பச் சுவரில் ஒட்டினாய். அதையும் எடுத்துவிடலாமே என்றேன். ஒன்றுமே இல்லாவிட்டால் உன் அப்பா நம்பமாட்டார், ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது மூச்சு சீராக வந்ததுதான் நினைவிருக்கிறது.

அப்பா உன் பாதியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். உன்னை எங்கள் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் படத்தை நீட்டி, கத்தரித்த ஓரத்தில் விரலை வைத்தார். உன் கை நீண்டு போய் அந்த ஓரத்தில் முடிந்திருந்தது. நாம் இருவருமே அதை யோசித்திருக்கவில்லை.

"இந்தக் கை யாரு தோள்மேல கெடக்கு?"

உன் கால் என் கால்மேல் வந்து அழுந்தியது.

"ஒரு சீனப் பையன், மண்டோர் மாமா," என்றாய்.

இன்னொரு தொழிற்சாலைப் பெண் என்று நீ சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் அவள் என்று விசாரித்து ஒரே நாளில் என்னிடம் வந்து சேர்ந்திருப்பார். பையன் என்றதும் அவர் என்னை மறந்தே போனார். அவரிடம் இருந்த நெருப்பு அத்தனையும் உன்மேல் இறங்கியது. நீ கணக்காகத்தான் ஆடினாய். அவர் சொன்ன வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய், கால் மட்டும் என் கால்மேல்.

நான் எண்ணினேன். சத்தியமாக எண்ணினேன். பத்து வந்தது. உன் காலுக்கடியிலிருந்து என் காலை உருவினேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, நீ உள்ளே போ, இவளோடு இனிமேல் பேச்சு வேண்டாம் என்றார். உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மாதத்துக்குள் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பாகான் டத்தோவில் தென்னந்தோப்பு வேலை, பெண்டாட்டி செத்தவர், குடிப்பார் என்று பெண் பார்த்த அன்றே எல்லாருக்கும் தெரியும். பெயர் கெட்டவளுக்கு இதுவே பெரிசு என்று லயமே பேசியது. நான் தொழிற்சாலையில் நீடித்தேன். பிறகு சூப்பர்வைசர் ஆனேன். உன் நாற்காலியில் உட்கார வந்த புதுப் பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

ஒரே ஒரு தடவை உன்னைப் பார்க்க வந்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம். இளநீர் வெட்டிக் கொடுத்தாய். வளையலுக்கு மேலே மணிக்கட்டு வீங்கி இருந்தது. ஊரில் பரவிய சீனப் பையன் கதை உன் புருஷன் காதுக்கும் வந்துவிட்டது என்று புரிந்தது. நான் இப்போதே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"இப்ப சொல்லி என்னா ஆவப் போவுது? ஒனக்கு நல்ல எடம் வந்துருக்கு. அசையாதலா."

உடனே ஒப்புக்கொண்டேன். நீ அப்படித்தான் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, வழுக்கையையும் சுரண்டித் தின்றுவிட்டுப் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு வரவே இல்லை. என் அப்பா செத்தார். யாருக்குப் பயந்தேனோ அவர் போன பிறகும் நான் வாய் திறக்கவில்லை. பழகிப் போயிருந்தது. ஓட்டுக்கு உள்ளே இருப்பது சுகமாகத்தான் இருக்கும், அதை யாரும் மறுக்க முடியாது. உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். உன் மகளிடம் சின்ன வயதுத் தோழி என்று மட்டும் சொல்லி, முகவரி எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் இந்த உறை.

உறை வந்ததும் அதில் இருந்த எண்ணில் அவளைப் போனில் கூப்பிட்டேன். நல்லபடியாகப் பேசினாள். உன் குரல்தான், கொஞ்சம் வேகம். படம் கிடைத்தது என்றேன். பிறகு அவள் கேட்டாள்.

"ஆண்ட்டி, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தச் சீனப் பையன் யாரு? அப்பா சாகற வரைக்கும் அதச் சொல்லித்தான் அம்மாவ அடிப்பாரு. அம்மா ஒருநாள்கூட இல்லன்னு சொன்னதில்ல."

படம் மேசைமேல் இருந்தது. உன் நான்கு விரல்களும் என் தோளில் இருந்தன. என் கால்மேல் யாருடைய காலும் இல்லை.

"பையனே கெடையாதும்மா. ஒங்கம்மா கை கெடந்த தோள் என்னோடதுதான்," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். கேம் கடை, ஆமை, கத்தரிக்கோல், வாசலில் நின்றது, எதையும் விடவில்லை. அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பா இருக்கறப்ப சொல்லியிருக்கலாம் ஆண்ட்டி," என்றாள். பிறகு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். இன்று காலை கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. இனி எடுக்கமாட்டாள் என்றுதான் தோன்றுகிறது, அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆக, புலி முன்னால் வந்துவிட்டது. நீதான் இல்லை, எதிரே அடிக்க வந்தவர்களும் இல்லை. வெறும் திரைக்கு முன்னால் வந்து நிற்கிறேன்.

படத்தைச் சட்டம் போடலாமா என்று யோசித்தேன். மாட்டினால் பார்க்கிறவர்கள் அந்த விரல்கள் யாருடையவை என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும் என்றுதான் மாட்டப் போகிறேன். அதில் உனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும்.

உன்னிடமிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது ஒன்று உண்டு. பஸ்ஸிலோ சந்தையிலோ கூட்டத்தில் யாராவது தெரியாமல் என் காலை மிதித்துவிட்டால் நான் காலை இழுத்துக்கொள்வதில்லை. அவர்கள் மன்னிப்புக் கேட்டு நகர்ந்த பிறகும் அப்படியே நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். பத்தைத் தாண்டியும் எண்ணுவேன்.